பழைய மோட்டார் சைக்கிளுக்கான கருவிச்சுருள்: கழற்றும் வேலைக்கு எவ்வளவு தேறுகிறது?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் கருவிச்சுருள்கள் இப்போது பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. தடித்த கான்வாஸ் துணியில் வரிசையாகப் பைகள் தைத்து, ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து), டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான் என எல்லாவற்றையும் அவற்றில் செருகி, பாயைப்போலச் சுருட்டி வாரால் கட்டி, சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று விளம்பரம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒரு சுருளை வாங்கி, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினும் கான்டாக்ட் பாயின்ட் (திறந்து மூடிப் பிளக்கில் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இக்னிஷனும் டியூப் டயரும் கொண்ட பழைய ஜப்பானிய வண்டி ஒன்றில், வீட்டு வேலைக்கும் நெடும்பயணத்துக்கும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஏறக்குறைய இதே சாமான்கள் வேறுவேறு முத்திரைகளோடு விற்கப்படுவதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பெயரைவிடப் பயனுள்ள செய்தி.

மதிப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். புதிய வண்டியில் எந்தக் கருவியும் ஓரளவு வேலை செய்துவிடும். பழைய வண்டியிலோ வேலையின் பெரும்பகுதி கழற்றுவதில்தான் இருக்கிறது. அலுமினிய உறைக்குள் எஃகுத் திருகு பல ஆண்டுகள் கிடக்கும்போது, இடையில் புகும் ஈரத்தால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியத்தின் வெண்ணிறப் பொடி மரைகளின் இடுக்கை நிரப்பித் திருகைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன் வண்டி கடந்துவந்த பட்டறைகளில் யாரோ தவறான ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலைகளை உருட்டியும் வைத்திருப்பார்கள். இந்த நிலையில் உள்ள ஒரு திருகை அதன் தலையைக் கெடுக்காமல் வெளியே எடுக்கிறதா என்பதுதான் இந்தச் சுருளிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் நான் வைத்த சோதனை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உருப்படிகளின் எண்ணிக்கை இந்தச் சோதனையில் எதையும் சொல்வதில்லை. ஒரு ஃபீலர் கேஜின் தகடுகளைக்கூடத் தனித்தனியாக எண்ணி அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். இந்தச் சுருளில் உள்ள ஸ்டார் ஸ்குரூ டிரைவர்கள் ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தரத்துக்கு உரியவை. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி ஆகியவற்றின் பழைய வண்டிகளில் கார்புரேட்டர் கப், எஞ்சினின் பக்க மூடிகள், பாயின்ட் மூடி என எங்கு பார்த்தாலும் ஸ்டார் திருகுகள்தாம். ஆனால் அவை 1930களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய பிலிப்ஸ் வகையைச் சேர்ந்தவை அல்ல. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், பிலிப்ஸ் டிரைவரின் நான்கு இறக்கைகள் கூடும் உள்மூலைகள் அதிகமாக வளைந்திருப்பதால், ஜப்பானியத் திருகின் குழிக்குள் அது முழுவதுமாக இறங்குவதில்லை. மேலோட்டமாகப் பிடித்துக்கொண்டு, முறுக்கம் கூடிய கணத்தில் வழுக்கி மேலே ஏறி, குழியின் சுவரை மழித்துவிடுகிறது. ஜப்பானியத் திருகுகள் பலவற்றின் தலையில் சிலுவைக்கு அருகே ஊசி முனையளவு ஒரு புள்ளி இருக்கும். அதைக் கண்டால் பிலிப்ஸ் டிரைவரைக் கீழே வைத்துவிடலாம். ஜே.ஐ.எஸ். டிரைவர் பிலிப்ஸ் திருகிலும் பெரும்பாலும் நன்றாகவே பொருந்திவிடுவதால், இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துச்செல்ல முடியும் என்றால் எதை என்பதில் குழப்பமே வேண்டாம்.

எண் 2, எண் 3 ஆகிய இரண்டு அளவுகளும் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சரி. கார்புரேட்டர் கப்பின் சிறு திருகுகளுக்கு எண் 2 போதும். எஞ்சின் மூடிகளைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. திருகுகளுக்கு எண் 3 வேண்டும். அங்கே எண் 2-ஐப் போட்டுத் திருகித்தான் பாதி வண்டிகளின் மூடித் திருகுகள் கிண்ணமாகியிருக்கின்றன. இந்த எண் 3 டிரைவரின் தண்டு கைப்பிடியின் வழியே மறுமுனை வரை ஓடுவதால், பின்னால் சுத்தியலால் தட்டலாம். தண்டின் அடியில் ஸ்பேனர் போட்டுத் திருப்ப அறுகோண வடிவமும் கொடுத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் கப்பின் நான்கு திருகுகளையும் இவை தலையில் ஒரு கீறல் இல்லாமல் எடுத்தன.

ஆனால் தட்டை டிரைவரைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை. அதன் முனை ஆப்புப்போலச் சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் பிளவுக்குள் அது அடிவரை இறங்காமல் மேல்விளிம்பில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டும் பைலட் ஜெட்டும் மென்மையான பித்தளையால் ஆனவை என்பதால், பிளவின் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்தி, இரு பக்கமும் இணையாக இருக்கும் முனைதான் அங்கே வேண்டும். பைலட் ஜெட் ஒரு குறுகிய குழாயின் அடியில் ஒளிந்திருப்பதால் டிரைவரின் தண்டும் மெலிதாக இருக்க வேண்டும்; இதுவோ தடியாக இருக்கிறது. இந்த ஒரு டிரைவரை மட்டும் தனியாக நல்லதாக வாங்கிக்கொள்வது நல்லது. ஜெட்டைச் சுத்தம் செய்யச் சுருளில் ஒரு எஃகுக் கம்பிக் கொத்தையும் வைத்திருக்கிறார்கள், அதை எடுத்து வீசிவிடலாம். ஜெட்டின் துளை நூற்றிலொரு மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுத்துத் துளைக்கப்பட்டது. எஃகு உள்ளே உரசினால் பித்தளைதான் தேயும். பழைய மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையும், கார்புரேட்டர் கிளீனர் திரவமும், காற்றழுத்தமும் அந்த வேலைக்குப் போதுமானவை.

இம்பாக்ட் டிரைவர் கொடுத்திருப்பதுதான் இந்தச் சுருளை வாங்க எனக்கு முக்கியக் காரணமாக இருந்தது. அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால், உள்ளே இருக்கும் சரிவான கேம் அந்த அடியைச் சிறு திருப்பமாக மாற்றுகிறது; அதே அடி முனையைத் திருகின் குழிக்குள் அழுத்தியும் பிடிப்பதால் வழுக்குவதற்கு வாய்ப்புக் குறைகிறது. கருவி நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது, திசை மாற்றும் வளையமும் தெளிவாகப் பூட்டுகிறது. ஆனால் கை டிரைவர்களை ஜப்பானியத் தரத்தில் கொடுத்த அதே நிறுவனம், மிக மோசமாகப் பிடித்துப்போன திருகுகளுக்கென்று இருக்கும் இந்தக் கருவிக்குச் சாதாரண பிலிப்ஸ் பிட்களைக் கொடுத்திருக்கிறது. சுருளைத் தொகுத்தவரும் பிட்களைக் கொள்முதல் செய்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை போலும். 8 மி.மீ. அறுகோண அடியுள்ள ஜே.ஐ.எஸ். பிட் எண் 3-ஐத் தனியாக வாங்கிப் பொருத்திய பிறகுதான் இந்தக் கருவியின் உண்மையான திறன் தெரிந்தது.

அதை வலப்பக்கக் கிளட்ச் மூடியில் சோதித்தேன். சைலன்சர் குழாய்க்கு அருகில் இருந்த கீழ்த்திருகு ஒன்று, வெப்பத்தையும் சேற்றையும் மாறிமாறி வாங்கி, சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. முதலில் குழிக்குள் இருந்த சேற்றை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, ஊடுருவும் எண்ணெயை முந்தின மாலையே விட்டு வைத்தேன். பிட்டை அழுத்தி, கருவியைக் கழற்றும் திசையில் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தபோது முதல் அடிகளின் ஓசை மந்தமாக இருந்தது. பிறகு ஓர் அடியில் ஓசை கணீரென்று மாறி, திருகு கால்வட்டத்துக்கும் குறைவாக நகர்ந்து, மரையின் ஓரத்தில் மெல்லிய வெண்பொடி உதிர்ந்தது. அதன் பிறகு கை டிரைவருக்கே அது வந்துவிட்டது. தலை சிதையாததால், அந்தத் திருகையே திரும்பவும் போடலாம். பலரும் செய்வதுபோல ஆலன் கீ தலையுள்ள போல்ட்டுகளாக மாற்றிக்கொள்வதும் நல்ல யோசனைதான். ஆனால் ஆலன் கீயின் நீளமான கை, 6 மி.மீ. மரைக்குத் தேவையான சுமார் 10 நியூட்டன் மீட்டரைவிட மிக அதிகமாக முறுக்கும் ஆசையைக் கொடுக்கும், அலுமினிய மரை அந்த ஆசைக்கு உரிந்து வந்துவிடும்.

ஸ்பேனர்களுக்கு வருவோம். 8 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டின் தலை ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 12 மி.மீ. அளவில் இருக்கும்; ஐரோப்பிய வழக்கில் அதே போல்ட்டின் தலை 13 மி.மீ. அதேபோல 10 மி.மீ. போல்ட்டின் தலை முன்னதில் பெரும்பாலும் 14, பழைய ஐரோப்பிய வழக்கில் 17. ஆகவே பொதுவான ஸ்பேனர் செட்டுகளில் 13 இருந்து 12, 14 இல்லாமல் போவது வழக்கமான தொல்லை. இந்தச் சுருளில் 8, 10, 12, 14, 17 எல்லாம் இருக்கின்றன; அந்த அளவில் தொகுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நட்டை முழுவதும் சுற்றிப் பிடிக்கும் ரிங் பக்கம் இறுக்கமாகப் பொருந்துகிறது. வாய் திறந்த ஓப்பன் பக்கம்தான் ஏமாற்றம். பிடித்துப்போன ஒரு 10 மி.மீ. நட்டில் அதன் தாடைகள் கண்ணுக்குத் தெரியும்படி விரிந்துகொடுத்தன, அப்படி விரியும் ஸ்பேனர்தான் நட்டின் மூலையை உருட்டும். எனவே கழற்றுவதற்கு எப்போதும் ரிங் பக்கம், தளர்ந்த பிறகு சுழற்றி எடுக்க மட்டும் ஓப்பன் பக்கம் என்று பிரித்துக்கொண்டால் இந்த ஸ்பேனர்களோடு குடும்பம் நடத்தலாம்.

பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சுருளை வாங்க வேண்டாம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரைத் தரமும் அதன் வழிவந்தவையும் அந்த வண்டிகளில் நெடுங்காலம் இருந்தன. அவற்றின் ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண், தலையின் அகலத்தை அல்லாமல் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் அவற்றில் ஏறக்குறையப் பொருந்துவதுபோலத் தோன்றுவதுதான் ஆபத்து. எல்லாக் காலத்து மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அந்த வண்டிக்காரர்கள் நம்பிவிடக்கூடாது.

பிளக் ஸ்பேனர் இரண்டு முனைகளிலும் வெவ்வேறு அளவு கொண்ட குழாய் வகை. 14 மி.மீ. மரையுள்ள பிளக்குகளுக்குரிய 20.8 மி.மீ. அறுகோணமும், 12 மி.மீ. மரைக்குரிய 18 மி.மீ. அறுகோணமும் இருக்கின்றன, 10 மி.மீ. மரையுள்ள சிறு பிளக்குகளுக்குரிய 16 மி.மீ. இல்லை. பழைய சிறு எஞ்சின்களில் அந்தச் சிறு பிளக்கும் உண்டு என்பதால், வாங்குவதற்கு முன் தங்கள் பிளக்கின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்துக்கொள்ளலாம், என்.ஜி.கே. பிளக்கில் பி என்று தொடங்கினால் 14, டி என்றால் 12, சி என்றால் 10 மி.மீ. மரை. உள்ளே பிளக்கைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையம் இருப்பது நல்ல ஏற்பாடு, சூடான ஃபின்களுக்கு நடுவிலிருந்து பிளக்கை நழுவவிடாமல் எடுக்க முடிகிறது. திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளை ஸ்பேனரை விரல்களால் மட்டுமே சுழற்றி ஏற்ற வேண்டும். குறுக்காக ஏறிய பிளக் சிலிண்டர் ஹெட்டின் மரையையே கொண்டுபோய்விடும், அதைச் சரிசெய்ய எந்தச் சுருளிலும் கருவி கிடையாது.

ஃபீலர் கேஜ் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தகடுகள் 0.05 மி.மீ.-இல் தொடங்குகின்றன. பழைய சிறு ஜப்பானிய எஞ்சின்களின் டேப்பெட் இடைவெளி (வால்வைத் தள்ளும் ராக்கர் கைக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே விடும் சந்து) 0.05 முதல் 0.10 மி.மீ. வரையிலேயே பெரும்பாலும் இருப்பதால் இது அவசியமானது, 0.10-இல் தொடங்கும் மலிவான கேஜ்கள் பல சந்தையில் இருக்கின்றன. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்ததில் தகடுகளின் அளவும் பொறித்திருப்பதோடு ஒத்துப்போனது. குறை என்னவென்றால் எல்லாத் தகடுகளும் நேரானவை. டேப்பெட் மூடியின் சிறு துளைவழியே ராக்கர் கைக்கும் வால்வின் நுனிக்கும் இடையில் தகட்டை நுழைக்க, முனை வளைந்த தகடாக இருந்தால்தான் உராய்வைக் கையால் சரியாக உணர முடியும். நேரான தகடு துளையின் விளிம்பில் சாய்ந்து, அங்கே ஏற்படும் உரசலை இடைவெளியின் இறுக்கம் என்று நம்பவைக்கிறது. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க வேண்டும், காந்தச் சக்கரத்தில் பிஸ்டனின் உச்சியைக் காட்டும் டி குறி நேராக வந்தபின் இரண்டு ராக்கர்களும் கையால் ஆட்டினால் ஆட வேண்டும் என்பதெல்லாம் இந்த வேலையைச் செய்பவர்கள் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. ராக்கரின் முகத்தில் தேய்மானத்தால் சிறு பள்ளம் விழுந்திருந்தால், தகடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் மேல் பாலமாக நிற்கும், கேஜ் 0.05 என்று காட்டினாலும் உண்மை இடைவெளி அதைவிடக் கூடுதல். சரியாக வைத்த பிறகும் டேப்பெட் சத்தம் ஓயவில்லை என்றால் கேஜைக் குறை சொல்லாமல் ராக்கரைக் கழற்றிப் பார்க்கலாம்.

டேப்பெட் திருகின் சதுரத் தலைக்கென்று ஒரு சிறு கருவியும் இருக்கிறது, பொருத்தமும் பரவாயில்லை. ஆனால் சில சிறு எஞ்சின்களில் அதன் லாக் நட் 9 மி.மீ. அளவு கொண்டது, 9 மி.மீ. ரிங் ஸ்பேனர் சுருளில் இல்லை. திருகைப் பிடிக்கக் கருவி கொடுத்துவிட்டு நட்டைத் தளர்த்த ஸ்பேனரை மறந்திருக்கிறார்கள்.

உடன் வரும் கையேட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது பொருந்தும். டேப்பெட் இடைவெளி எல்லா வண்டிகளுக்கும் 0.10 மி.மீ. என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள், இது தவறு. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்குமே இடைவெளி பூஜ்யம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ராக்கரைத் தள்ளும் புஷ்ராடை விரலால் சுழற்ற முடிய வேண்டும், ஆனால் அது மேலும் கீழும் ஆடக்கூடாது. எந்த வண்டியானாலும் அதற்குரிய சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பிடித்து அதில் உள்ள அளவை எழுதிவைத்துக்கொண்டு, இந்தக் கையேட்டைக் கை துடைக்கப் பயன்படுத்தலாம்.

மின் வேலைக்கு மல்டிமீட்டர் கொடுக்காமல் இரண்டு கிளிப்புகளோடு ஒரு சோதனை விளக்கு கொடுத்திருக்கிறார்கள். இதைச் சிக்கனம் என்று முதலில் நினைக்கத் தோன்றும், எனக்கோ இது புத்திசாலித்தனமான தேர்வாகப் படுகிறது. பாசி பிடித்த ஒரு கனெக்டர் வழியே மல்டிமீட்டர் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். ஏனென்றால் அது ஏறக்குறைய மின்னோட்டத்தையே இழுப்பதில்லை. விளக்கோ எரிவதற்கு மின்னோட்டம் கேட்பதால், அதே கனெக்டரில் மங்கி உண்மையைச் சொல்லிவிடுகிறது. பேட்டரி இக்னிஷன் உள்ள வண்டியில் பாயின்டின் முனைக்கும் பாடிக்கும் இடையே இதை இணைத்து, இக்னிஷனைப் போட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் பாயின்ட் திறக்கும் கணத்தில் விளக்கு எரியும். அப்போது காந்தச் சக்கரத்தில் பொறி விழ வேண்டிய கணத்தைக் காட்டும் எஃப் குறி நேராக நின்றால் டைமிங் சரி. 6 வோல்ட் வண்டிகளுக்கு மட்டும் பல்பை மாற்றிக்கொள்ள வேண்டும், 12 வோல்ட் பல்ப் அங்கே மினுக்கென்று சிவந்து நின்றுவிடும். சார்ஜிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எப்படியும் மீட்டர் தேவை. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6-ஐ ஒட்டியும், எஞ்சினை முடுக்கும்போது 14-ஐ ஒட்டியும் காட்டுகிறதா, 15-ஐத் தாண்டுகிறதா என்பதை விளக்கு சொல்லாது.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுத் திண்ணையில் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை. வழியில் நிற்கும்போது இந்தச் சுருள் எவ்வளவு உதவுகிறது என்பதற்கு டியூப் பஞ்சரே சரியான தேர்வு, அதில்தான் இது பெரிதாகத் தடுக்கி விழுகிறது. டயர் லீவர்கள் இருக்கின்றன, ஒட்டுப்பட்டைகளும் ரப்பர் சொல்யூஷனும் அரமும் இருக்கின்றன, சிறிய கைப்பம்பும் வால்வு ஊசியைக் கழற்றும் கருவியும்கூட இருக்கின்றன. பின்சக்கரத்தின் ஆக்சில் நட்டைக் கழற்றும் ஸ்பேனர்தான் இல்லை. வண்டிக்கு வண்டி 17, 19, 22, 24 என்று மாறும் அந்த நட்டில், 17-க்கு மேற்பட்ட எதற்கும் இதில் வழியில்லை. சக்கரமே கழலாதபோது லீவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தொகுத்தவர் ஒரு தடவைகூடச் சாலையோரம் குந்தி யோசித்ததில்லை என்பது தெரிகிறது. தங்கள் வண்டியின் முன், பின் ஆக்சில் நட்டுகளின் அளவைப் பார்த்து, அந்த அளவில் ரிங் ஸ்பேனர் ஒன்றை முதல் வேலையாக வாங்கிச் சுருளில் செருகிவிட வேண்டும். நட்டில் கோட்டர் பின் இருந்தால், மாற்றுப் பின் இரண்டும் கூடவே இருக்கட்டும். வளைத்து நிமிர்த்திய பழைய பின் மறுமுறை வளைக்கும்போது ஒடிந்துவிடும்.

லீவர்கள் இரண்டுதான், நீளமும் குறைவு. மூன்றாவது இருந்தால்தான் இரண்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்தை நெம்ப முடியும். முனைகள் கூர்மையாக இருந்ததால் அரத்தால் தேய்த்து உருண்டையாக்கிய பிறகே பயன்படுத்தினேன். அப்படிச் செய்யாவிட்டால் ஒட்டிய டியூபில் லீவரே மறுபடி ஓட்டை போட்டுவிடும். லீவர் குட்டையாக இருப்பதைப் பலத்தால் ஈடுகட்ட முயல வேண்டாம். டயரின் விளிம்பு எதிர்ப்பக்கத்தில் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கத்தில் தளர்வு கிடைக்கும். ஆகவே கழற்றும்போது எதிர்ப்பக்கத்தை முழங்காலால் மிதித்துப் பள்ளத்தில் இறக்கிவிட்டு வால்வின் அருகிலிருந்து தொடங்க வேண்டும், ஏற்றும்போது வால்வின் அருகில் முடிக்க வேண்டும். டியூபைத் தொடுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து வந்தால், குத்திய ஆணியோ முள்ளோ துணியில் மாட்டிக்கொள்ளும். சொல்யூஷனைத் தடவியதும் அவசரப்பட்டுப் பட்டையை வைக்காமல், மினுமினுப்புப் போய் மங்கும்வரை பொறுத்திருந்து ஒட்டியபோது இவர்கள் கொடுத்த பட்டை நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் ஒருமுறை திறந்த சொல்யூஷன் குழாய் அடுத்த தேவைக்குள் உள்ளேயே காய்ந்துவிடும், எனவே திறக்காத குழாய் ஒன்றை எப்போதும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். கைப்பம்பு காற்றை ஏற்றுகிறது என்று மட்டும் சொல்லலாம். அடுத்த காற்றடிக்கும் இடம்வரை மெதுவாக உருட்டிச்செல்ல அது போதும்.

கிளட்ச் கேபிளுக்கென்று திருகி இறுக்கும் பித்தளை நிப்பிள் ஒன்று வைத்திருப்பது இந்தச் சுருளின் சிறிய, மிகப் பயனுள்ள சாமான். கேபிள் பெரும்பாலும் ஹேண்டில் லீவரின் பக்கம் நிப்பிளுக்கு அருகில்தான் இழையிழையாக அறும். அறுந்த முனையைக் கத்தரித்து இதில் செருகி இறுக்கி, கீழே உள்ள அட்ஜஸ்டரைத் தளர்த்திக்கொண்டால் வீடு வந்து சேரலாம். அதைவிட நல்ல வழி, புதிய கேபிள் ஒன்றை வீட்டிலேயே பழைய கேபிளை ஒட்டியபடி சட்டத்தில் கட்டிவைத்து, இரு முனைகளையும் எண்ணெய் தடவிப் பொதிந்துவிடுவது.

செயின் இணைப்பு லிங்க் ஒன்றும் தருகிறார்கள், 428 அளவில் மட்டும். செயின் எண்ணின் முதல் இலக்கம் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தொலைவை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்வது: 4 என்றால் 12.7 மி.மீ., 5 என்றால் 15.875 மி.மீ. ஆகவே 520, 530 செயின் உள்ளவர்களுக்கு இந்த லிங்க் வெறும் சுமை. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பதைக் கையேடு சரியாகச் சொல்லியிருக்கிறது, அதற்கு அந்த அளவு மரியாதை.

முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இதில் இல்லை, இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. வீட்டில் ஒன்று இருந்தால் 14 மி.மீ. பிளக்கை 25 முதல் 30 நியூட்டன் மீட்டரிலும், 12 மி.மீ. பிளக்கை 15 முதல் 20-லும் நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சுமப்பதில் பொருளில்லை என்று பட்டதால் நான் சுருளை இரண்டாகப் பிரித்துவிட்டேன். இம்பாக்ட் டிரைவரும் ஃபீலர் கேஜும் டேப்பெட் கருவியும் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டன. பூட்டிப்போன திருகோடு மல்லுக்கட்டுவதற்குச் சாலையோரம் உகந்த இடமல்ல. அவை விட்டுச்சென்ற பைகளில் ஆக்சில் ஸ்பேனர், மூன்றாவது லீவர், புதிய பிளக், கன்டென்ஸர், ஃபியூஸ்கள், ஒரு முழ நீளப் பெட்ரோல் குழாய், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி ஆகியவை ஏறிக்கொண்டன. பாயின்டில் தெறிக்கும் பொறியை அடக்கும் மின்தேக்கியான கன்டென்ஸர் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் செத்துப்போகும் உறுப்பு என்பதால் பாயின்ட் வண்டிக்காரர்கள் அதை மறக்கக்கூடாது. எஞ்சின் சூடானதும் நின்று, பாயின்டில் நீலப்பொறி பெரிதாகத் தெறித்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழ வேண்டும்.

ஜப்பானிய வண்டி வைத்திருந்து, கையில் எந்தக் கருவியும் இல்லாமல் தொடங்குபவர்களுக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். ஸ்டார் டிரைவர்களும் ரிங் ஸ்பேனர்களும் இம்பாக்ட் டிரைவரும் மட்டுமே அதற்குப் போதுமான காரணம். ஏற்கெனவே நல்ல ஸ்பேனர் செட் வைத்திருப்பவர்கள் ஜே.ஐ.எஸ். டிரைவர்கள் இரண்டையும் அதற்கான பிட்களையும் தனியாக வாங்கி, பழைய கித்தான் துணியில் தாங்களே பை தைத்துக்கொள்வது மேல். வாங்குபவர்கள் சுருளின் துணியை மட்டும் ஒரு கண் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். மழையில் நனைந்த கான்வாஸ் ஈரத்தை வெளியே விடாமல் பல நாள் பிடித்து வைத்திருக்கிறது. முதல் மழைக்குப் பிறகு ஓப்பன் ஸ்பேனர்களின் குரோம் பூச்சு விளிம்புகளில் கொப்பளித்தது. ஒவ்வொரு கருவியையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, சுருளை ஒரு ரப்பர் பைக்குள் போட்ட பின்பே வண்டியில் கட்ட வேண்டும். வாரின் இரும்புக் கொக்கி டேங்க்கின் பக்கம் திரும்பாமல் வெளிப்புறம் நிற்கும்படி கட்டினால் பெயின்டும் தப்பும்.